மின்டாவின் கட்டத்தில் மஞ்சள் வரிசை

1886 மார்ச் 2, செவ்வாய்

பகலில் பனி உருகுகிறது, இரவில் மறுபடி இறுகுகிறது. தெரு முழுக்கச் சேறு. மேப்பிள் பாகு காய்ச்சும் மாதம் என்பதால் ஆரினுக்குப் பட்டறையில் தலைக்கு மேல் வேலை. எல்லாருக்கும் வாளி வேண்டும், பீப்பாய் வேண்டும், நேற்றே வேண்டும். மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது இவ்வளவுதான்: "உப்பு." "இந்தாங்க."

இன்று மின்டாவின் தையல் பையைத் திறந்தேன். நவம்பரில் எங்கள் பெண்ணை அடக்கம் செய்ததிலிருந்து அது அவள் அறையில் ஆணியிலேயே தொங்குகிறது. தூசி தட்டும்போதெல்லாம் அதை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றித் தட்டுவேன். இன்றைக்கு என்ன வந்ததோ, கையில் எடுத்துவிட்டேன்.

உள்ளே ஊசிகள் குத்திய சிவப்புக் கம்பளித் துண்டு, பாதி தின்ற பெப்பர்மின்ட் மிட்டாய், கிறுக்குப் போர்வைக்காக அவள் செய்துகொண்டிருந்த கட்டம்.

மிட்டாயைத் திரும்பப் பைக்குள்ளேயே வைத்தேன். வேறு எங்கே வைப்பது?

மார்ச் 4, வியாழன்

மாதர் சங்கக் கூட்டம், வழக்கம்போல் பெர்மீலியா வீட்டில். எங்கள் கிறுக்குப் போர்வை செப்டம்பர் கண்காட்சிக்குப் போகிறது. இருபது கட்டங்கள், ஆளுக்கு ஒன்று, ஒரு முழச் சதுரம். பட்டு, வெல்வெட், பழைய கழுத்துப்பட்டை, ரிப்பன் என்று கிடைத்ததையெல்லாம் வெட்டினபடியே கோணல்மாணலாக ஒட்டி, ஒட்டின இடம் ஒவ்வொன்றையும் பூத்தையலும் மணியும் போட்டு மூட வேண்டும். மூலையில் அவரவர் பெயரின் முதலெழுத்து. துணி எப்படி வேண்டுமானாலும் கோணலாக இருக்கலாம், தையல் கோணக் கூடாது. இந்தச் சட்டத்துக்கு நீதிபதி நான்தான் என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

பெர்மீலியா கேட்டாள்: "லொவினா, மின்டாவோட கட்டம் ஒன்னு பாக்கி இருக்கு. உனக்குக் கஷ்டமா இருந்தா விட்டுடு. நானே இன்னொன்னு போட்டுடறேன்."

"அவ பேரு வர வேண்டிய எடத்துல ஒன் பேரா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. நல்லதற்குத்தான் சொன்னாள், தெரியும். எனக்கு நல்லது சொல்பவர்களைத்தான் இப்போது பொறுக்க முடியவில்லை.

நானே முடிக்கிறேன் என்று சொல்லி வந்திருக்கிறேன்.

மார்ச் 9, செவ்வாய்

கட்டத்தை ஜன்னலோர மேசையில் விரித்துப் பார்த்தேன். பதினோரு துண்டுகள். பள்ளி முடித்த நாளில் அவள் போட்டிருந்த உடையின் கத்தரிப்பூ நிறப் பட்டு நடுவில் இருக்கிறது. அதை ஒட்டி என் பழைய தொப்பியின் பழுப்பு வெல்வெட். ஆரினின் கல்யாணக் கழுத்துப்பட்டை ஒரு மூலையில். இதை எப்போது வெட்டினாள்? அவரே கொடுத்தாரா?

ஆறு இடங்களில் தையல் முடிந்திருக்கிறது. ஐந்து அவள் கை. பத்தொன்பது வயதில் இந்த ஊரில் என்னைத் தவிர வேறு யாருக்கும் வராத கை, பொய் சொல்லவில்லை.

ஆறாவது, பட்டுக்கும் வெல்வெட்டுக்கும் நடுவில் போவது, மஞ்சள் நூலில் மீன்முள் தையல். பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு முள் நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று படுத்தே கிடக்கிறது. கடைசியாக அதைத்தான் தைத்திருப்பாள் போலிருக்கிறது. அக்டோபரில் அவளால் கரண்டி பிடிக்கவே முடியவில்லை.

என் பெண்ணின் கை இப்படியா ஆகிவிட்டது?

போன வருஷம் பிப்ரவரியில், வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லியும், ஏரியில் ஐஸ் வெட்டுவதைப் பார்க்க ஆரின் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த வாரம்தான் இருமல் ஆரம்பித்தது. டிசம்பரில் ஒருநாள் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்: "நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்க." அதிலிருந்துதான் வீட்டில் உப்பு, இந்தாங்க.

மார்ச் 17, புதன்

நூல் கோக்கக் கண்ணாடி போட வேண்டியிருக்கிறது. வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 8, வியாழன்

இன்னும் மூன்று இடம் முடித்தேன். மூலையில் சிலந்தி வலை போட்டேன், அதிர்ஷ்டத்துக்கு என்று எல்லாரும் போடுவதுதான். வெள்ளி நூலில் வலை, நீலமணி ஒன்றில் சிலந்தியின் உடம்பு. யாருக்கு அதிர்ஷ்டம் என்று தெரியவில்லை.

மஞ்சள் வரிசையைத் தொடவில்லை. அந்தப் பக்கம் வரும்போது துணியைத் திருப்பிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 25, ஞாயிறு

ஈஸ்டர். தேவாலயத்தில் மின்டா பாட்டுக்குழுவில் நிற்கும் இடத்தில் வேறொரு பெண் நின்றாள். நன்றாகத்தான் பாடினாள். ஆரின் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் அதை நேராகத் திருப்பி வைக்கவில்லை.

மே 4, செவ்வாய்

பிரித்துவிட்டேன்.

நாளை மறுநாள் கூட்டம். சங்கத்துப் பெண்கள் எல்லாரும் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு கண்காட்சியில் ஊரே பார்க்கும். மூலையில் அவள் பெயர் இருக்கும். 'பாவம், கடைசியில் கை தள்ளாடியிருக்கிறது' என்று ஒருத்தி சொன்னால் போதும், எனக்குத் தாங்காது. மின்டாவே இருந்திருந்தால் தானே பிரித்திருப்பாள். எட்டு வயதில் கோணலாகத் தைத்ததற்கு நான் பிரிக்கச் சொன்னபோது அழுதாள். பன்னிரண்டு வயதில் நான் சொல்வதற்கு முன்பே பிரித்தாள்.

ஊசியின் காதுப் பக்கத்தை விட்டு ஒவ்வொரு முள்ளாகத் தூக்கி எடுத்தேன். கடைசியில் இருந்த முடிச்சு மட்டும் நன்றாக இருந்தது. சின்னதாக, இறுக்கமாக, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. அதைக் கத்தரி முனையால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அந்த இடத்தில் கறுப்பு நூலில் இறகுத் தையல் போட்டேன். ஒவ்வொரு இறகின் நுனியிலும் ஒரு கருமணி. என் துக்க உடையின் கழுத்திலிருந்து வெட்டி எடுத்த மணிகள். ஒரு இறகு கூட மற்றதை விட ஒரு நூல் அதிகம் இல்லை.

மே 5, புதன்

பிரித்த நூல், வெட்டின நூல் எல்லாவற்றையும் கொல்லையில் லைலாக் செடியின் கிளைகளில் போட்டேன். ஒவ்வொரு மே மாதமும் பறவைகள் கூடு கட்ட எடுத்துப் போகும். சின்ன வயதிலிருந்து அது மின்டாவின் வேலை. மஞ்சள்தான் முதலில் காணாமல் போகும் என்பாள்.

மே 6, வியாழன்

எல்லாரும் கருமணி வரிசையைத்தான் தடவிப் பார்த்தார்கள். பெர்மீலியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதுல மின்டா கை எது, ஒன் கை எதுன்னே தெரியல லொவினா." இன்னும் இரண்டு ஓரம் தைத்துப் பெயரெழுத்தைப் போட்டால் முடிந்தது, எடுத்து வந்தேன். வழியெல்லாம் பெருமையாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

மே 8, சனி

கட்டம் மேசையில் கிடந்தது. கை கழுவிவிட்டு வந்த ஆரின் அதைப் பார்த்து நின்றார். கையைச் சட்டையில் இன்னொரு தடவை துடைத்துக்கொண்டு, கருமணி வரிசையைக் கட்டைவிரலால் முதலிலிருந்து கடைசிவரை தடவினார்.

"இங்க மஞ்சள் ஒன்னு இருந்திச்சே?"

"கோணலா இருந்திச்சு. பிரிச்சிட்டேன்."

"ஓ," என்றார்.

சாப்பாட்டை மூடி வைத்திருந்தேன். திறக்காமலே பட்டறைக்குப் போய்விட்டார்.

மே 11, செவ்வாய்

மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் பசியில்லை என்கிறார். முன்பு பேசாமல் இருந்தது நான். இப்போது அவர். இதில் வித்தியாசம் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

மே 20, வியாழன்

கூட்டத்துக்குப் போகும் வழியில், ஆரின் மறந்துவிட்டுப் போன மேல்சட்டையைக் கொடுக்கப் பட்டறைக்குள் நுழைந்தேன். அவர் பின்பக்கம் மரம் இறக்கிக்கொண்டிருந்தார். தோல் ஏப்ரன் ஆணியில் தொங்கிற்று. அதன் தோள்வாரில் ஏதோ மின்னியது.

ஊசி. என்னுடைய ஒன்பதாம் நம்பர் ஊசி, போன அக்டோபரில் தொலைந்துபோனது என்று வீடெல்லாம் தேடியது. அதன் காதில் ஒரு விரல் நீளத்துக்கு மஞ்சள் பட்டு நூல்.

பீப்பாய் செய்கிறவருக்குப் பூத்தையல் ஊசி எதற்கு?

கேட்கவில்லை. மேல்சட்டையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். கூட்டத்துக்கும் போகவில்லை.

மே 21, வெள்ளி

மத்தியானம் அவர் உட்கார்ந்ததும் கேட்டேன். "அந்த மஞ்சள் வரிசைய யார் தச்சது?"

கரண்டியைக் கீழே வைத்தார்.

"மூணு வியாழக்கிழமை. நீ சங்கத்துக்குப் போயிருப்ப. அவளுக்குக் கை தூக்க முடியல. 'அப்பா, நீங்க குத்துங்க, நான் சொல்றேன்'னா. 'இடது பக்கம் குத்துங்க'ம்பா. குத்துவேன். 'அது என் இடதுப்பா, ஒங்க இடது இல்ல'ம்பா. சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்துடும். நிறுத்திடலாம்னா விடமாட்டா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"பந்தயம் கட்டியிருந்தோம். 'அம்மா பார்த்த ஒடனே பிரிச்சிடுவா'ன்னா. 'மாட்டா, யார் தச்சதுன்னு மொதல்ல கேப்பா'ன்னு நான் சொன்னேன்."

"என்ன பந்தயம்?"

"பெப்பர்மின்ட் ஒரு பொட்டலம்." மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் தோத்துட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

எழுந்து போகும்போது கதவருகில் நின்றார். "கடைசித் தையல் மட்டும் அவ போட்டது. எனக்கு முடிச்சு வராது. ஊசிய வாங்கி ஒரு குத்து குத்தி அவளே முடிச்சுப் போட்டா. அது அக்டோபர் கடைசி வியாழன். அதுக்கப்புறம் அவ ஊசியத் தொடல."

மே 23, ஞாயிறு

தேவாலயத்துக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினேன்.

அந்த முடிச்சு. லொவினா, அது நல்லா இருக்கேன்னு பார்த்துட்டுத்தானே வெட்டின? நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே இருக்குன்னு உனக்கே தெரிஞ்சுதே — தெரிஞ்சும் வெட்டினியே பாவி. ஒரு நிமிஷம் யோசிச்சா என்ன, யார் தச்சதுன்னு ஒரு வார்த்தை கேட்டா வாய் முத்தா உதிர்ந்துடும்?

லைலாக் செடியில் போய்த் தேடினேன். கறுப்பு இருக்கிறது, வெள்ளை இருக்கிறது, சிவப்பு இரண்டு துண்டு. மஞ்சள் ஒரு இழை கூட இல்லை. முதலில் மஞ்சள்தான் போகும் என்று அவள் சொல்லியிருக்கிறாளே.

அவர் எப்படியோ என் மேல் வைத்திருந்த நம்பிக்கை, அதுவும்தான் போயிற்று. அவள் என்னை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள். அவருக்குத்தான் என்னைத் தெரியவில்லை.

மே 26, புதன்

கருமணி வரிசையைப் பிரித்தேன். மணிகள் தரையெல்லாம் உருண்டன. பொறுக்கவில்லை.

நூல் போன பிறகு பட்டுத் துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தேன். துளைகள். பட்டில் ஒரு தடவை ஊசி போனால் அந்தத் துளை மூடாது, அதனால்தான் பட்டில் தப்பாகக் குத்தாதே என்று அவளை அவ்வளவு மிரட்டுவேன். இரண்டு வரிசையாகத் தெரிந்தன. ஒன்று கோடு போட்ட மாதிரி, அது என்னுடையது. இன்னொன்று மேலும் கீழுமாக.

வெல்வெட் பக்கம் ஒன்றும் இல்லை. வெல்வெட் மூடிக்கொண்டுவிட்டது.

மே 27, வியாழன்

கூட்டத்துக்குப் போகாமல் மத்தியானம் பட்டறைக்குப் போனேன். கட்டம், கத்தரி, புது மஞ்சள் பட்டு நூல். அந்த நிறம் இல்லை, கொஞ்சம் வெளிறியது, கடையில் அதுதான் இருந்தது. "பழைய நூல் எங்க?" என்றார். "லைலாக்ல போட்டேன். பறவை எடுத்துட்டுப் போயிடுச்சு." அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"நீங்களே தைக்கணும். துளை இருக்கு. நான் சொல்றேன்."

மரத்தூளைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். ஏப்ரன் வாரிலிருந்து அந்த ஊசியை எடுத்தார். அதிலிருந்த பழைய இழையை உருவி என் கையில் கொடுத்தார். நான் அதை என் கல்யாண மோதிரத்தில் சுற்றிக்கொண்டேன்.

அந்த விரல்களுக்கு ஊசி வைக்கோல் குச்சி அளவுகூட இல்லை. பட்டில் துளையைப் பார்த்துக் குத்தினார். வெல்வெட் பக்கம் வரும்போது குத்துமதிப்பாகத்தான். நான் சொல்ல வேண்டியிருந்தது.

"இடது பக்கம்," என்றேன்.

"எந்த இடது?"

ஊசி அப்படியே நின்றது. அவர் தோள் குலுங்கிற்று. சிரிக்கிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

அப்போதுதான் சொன்னேன். "ஐஸ் பார்க்கப் போனதால வந்ததில்ல. டாக்டர் அப்பவே சொன்னார். எனக்கும் தெரியும். யார் மேலயாவது போடணும்னு இருந்தது, ஒங்க மேல போட்டேன்."

"தெரியும்," என்றார். "ஆனாலும் நீ சொன்னப்புறம் நான் அந்த ஏரிப் பக்கம் போகவேயில்ல."

ஐந்து மாதமாகவா? ஆறு? மரம் எடுக்க மில்லுக்குப் போக அதுதானே குறுக்கு வழி. சேற்றில் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார் மனிதர், எனக்குத் தெரியாமல்.

கடைசி இரண்டு துளையில் நிறுத்தினார். ஊசியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அது அவள் தையல். அந்தத் துளைகளை அப்படியே விட்டுவிட்டோம். நூலைப் பின்பக்கம் கொண்டுபோய் அடியில் நான் முடிச்சுப் போட்டேன்.

ஜூன் 10, வியாழன்

பெயரெழுத்துகளைப் போட்டுக் கட்டத்தைக் கொடுத்தேன். பெர்மீலியா கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள்.

"லொவினா, கருமணி எங்க? இதென்ன, குடிச்ச கோழி நடந்துபோன மாதிரி இருக்கு? கடைசில முடிக்கவும் இல்ல."

"அது அப்படித்தான்."

"நீயா சொல்ற? வேணும்னா நான் ராத்திரிக்குள்ள பிரிச்சு —"

"பிரிச்சா கையை ஒடிச்சிடுவேன்."

பெர்மீலியா என்னைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் கட்டத்தை மற்றவற்றோடு அடுக்கிவைத்தாள். போகும்போது என் கையில் ஜாம் புட்டி ஒன்றைத் திணித்தாள். வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 16, வியாழன்

கண்காட்சி. போர்வைக்கு இரண்டாம் பரிசு. அதன் முன்னால் நாங்கள் நின்றபோது வேறூர்ப் பெண்கள் இருவர் வந்தார்கள்.

"எல்லாம் நல்லாருக்கு, இந்த மஞ்சள்தான் கெடுத்துடுச்சு. யாரோ கத்துக்குட்டி."

ஆரின் தொப்பியைக் கழற்றினார். "ஆமாம்மா, கத்துக்குட்டிதான்," என்றார் மரியாதையாக. காது சிவந்திருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் காது சிவந்து நான் பார்த்தது என் அப்பாவிடம் பெண் கேட்க வந்த அன்றைக்கு மட்டும்தான்.

வண்டியில் திரும்பும்போது ஏரி வழியாகப் போகலாமா என்று கேட்டேன். போனோம்.

நவம்பர் 14, ஞாயிறு

ஒரு வருஷம்.

ஆராதனை முடிந்து கல்லறைக்குப் போனோம். ஆரின் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துக் கல்லோரம் வைத்தார். பெப்பர்மின்ட். நேற்றே வாங்கியிருக்கிறார். தோற்ற பந்தயம் என்றார். தோற்றது அவரில்லை, நான்.

வீட்டுக்கு வந்ததும் நான் அடுப்பை மூட்டினேன். அவர் விறகெடுக்கக் கொல்லைக்குப் போனவர் வரவேயில்லை. பிறகு ஜன்னலைத் தட்டினார்.

"லொவினா, கொஞ்சம் வெளிய வா."

எல்ம் மரத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. மேல் கிளை ஒன்றின் நுனியில், ஆரஞ்சு மார்புப் பறவை மே மாதத்தில் கட்டிவிட்டுப் போன கூடு, ஒரு பை மாதிரித் தொங்குகிறது. கோடை முழுக்க இலைக்குள் இருந்திருக்கிறது, நாங்கள் பார்க்கவில்லை. நாரும் குதிரைமுடியும் கலந்து பின்னியது. அதன் வாயோரத்தில், மேலும் கீழுமாக, மஞ்சள்.

"ஏணி எடுத்துட்டு வரட்டுமா? அதுங்க பழைய கூட்டுக்குத் திரும்ப வராது. நூல எடுத்துடலாம்," என்றார்.

எடுத்தால் அதில் அந்தக் கடைசி இழையும் இருக்கலாம். வெட்டின முடிச்சோடு இருக்கலாம். கூட்டைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

"வேணாங்க," என்றேன்.

காற்றில் கூடு ஆடிற்று. கழுத்து வலிக்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு குளிர் தாங்காமல் உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தோம்.